பழகின சட்டி

மீன்சட்டி விஷயத்தில் ராஜபாய்க்கு இருந்த கர்வம் நாவல்விளை ஊருக்கே தெரியும். கல்யாணமாகி வந்த மாதத்தில் சந்தையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய மண்சட்டி அது. வடித்த கஞ்சியை ஊற்றி ஊறவைத்து, தேங்காயெண்ணெய் தடவி இளந்தீயில் காயவைத்து, மறுபடி கஞ்சி, மறுபடி எண்ணெய் என்று நாள்கணக்கில் பழக்கி எடுத்தாள். அதற்குப் பிறகு மீனைத் தவிர வேறெதையும் அதில் வைத்ததில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்ததும் இல்லை. வெந்நீரில் ஒரு கழுவல், வெயிலில் ஒரு கவிழ்ப்பு, அவ்வளவுதான். தேங்காய் அரைத்த சாளைக்குழம்பு வருஷக்கணக்கில் ஊறி சட்டி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. வெறும் சட்டியை மோந்து பார்த்தாலே ஒரு கும்பா சோறு இறங்கும் என்பாள் பக்கத்து வீட்டுப் பூங்கனி. ஆனால் அவள் இரவல் கேட்டால் மட்டும் ராஜபாய்க்குக் காது கேட்காது.

அந்தச் சட்டியில் வைத்ததைச் சாப்பிட வேண்டியவர் ரங்கூனில் இருந்தார். சத்தியநேசன் அங்கே அரிசி மில்லில் மேஸ்திரி. கல்யாணமான மறுவருஷம் கப்பலேறியவர், நடுவில் ஒரே ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போனதோடு சரி. பிள்ளைகுட்டி இல்லை. ராஜபாய் சுசீந்திரத்து வயல்களில் களை பறித்தாள், கதிர் அறுத்தாள், வீட்டுக்குப் பின்னால் துண்டு விளையில் மட்டிவாழை வைத்தாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் வேதக்கோயில் சபைக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடியரிசி வாங்க வரும் உபதேசியார் வீட்டம்மாள், "ராஜபாய் கலயம் மட்டும் எப்பமும் நெறஞ்சிருக்கும்" என்று நாலு வீட்டில் போய்ச் சொல்வாள். ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்கிறவளின் கலயம் எப்படி நிறைகிறது, அவள் என்னத்தைத் தின்கிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு ஆடியில், சாரல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ராஜபாய் வீட்டு முன்னால் வில்வண்டி வந்து நின்றது. பர்மாவில் கலவரம், இந்தியாக்காரர்களின் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்திருந்த நேரம். வண்டியிலிருந்து சத்தியநேசன் இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்குத்தான், இறக்கினார்கள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, வயிறு மட்டும் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. அவரைத் தோளில் தாங்கி இறக்கியவள் ஒரு பெண். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, இடுங்கிய கண், சப்பை மூக்கு. மறுகையில் ஒரு துணிமூட்டையும், காது வைத்த இரும்புச்சட்டி ஒன்றும்.

"இது ஆரு?" என்றாள் ராஜபாய்.

சத்தியநேசன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அங்க சமச்சுப் போட்டவ" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊர் எத்தனை நாள் சிரித்தது! குளத்தங்கரையில் துணி துவைக்கிறவர்கள், ஓலை முடைகிறவர்கள், "சமச்சுப் போட்டவளாம்லா" என்று ஆரம்பித்தால் போதும், வேலை ஓடும். சிரிக்காதவள் ராஜபாய் ஒருத்திதான். அவள் அழவும் இல்லை. புருஷனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். திரும்பி வந்து நடைவாசலில் நின்று விரலை நீட்டினாள்.

"ஏட்டி, நீ இந்த நடை தாண்டி உள்ள வரப்பிடாது. பொறத்த ஒரு சாய்ப்பு உண்டு, வெறகு கெடக்குத எடம். அங்கன கெட."

"செரி யக்கா" என்றாள் அந்தப் பெண். "அவருக்கு வெந்நி மட்டும் குடுங்க. தொண்ட வறண்டா இருமுவாரு."

ராஜபாய் திகைத்துப் போனாள். சப்பை மூக்குக்காரி பேசியது அப்படியே நாவல்விளைப் பேச்சு. இழுப்பும் ராகமும் சத்தியநேசனுடையது. எத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்திருந்தால் அந்த இழுப்பு வரும் என்று நினைத்தபோது, அத்தனை நேரம் வராத ஆத்திரம் ராஜபாய்க்கு அப்போதுதான் வந்தது.

அவள் பெயர் மா மியா. ஊர்ப்பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? சாய்ப்புப் பக்கம் போகும்போதெல்லாம் பூனைபோலக் கத்திவிட்டு ஓடின.

ராஜபாய் சமைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வாய்க்குப் போட முடியாமல் போனதையெல்லாம் ஒரே வாரத்தில் போட்டுவிடுகிறவளைப்போலச் சமைத்தாள். கடியப்பட்டணத்திலிருந்து மீன் சுமந்து வருகிறவளை மறித்து நல்ல சாளையாகப் பொறுக்கி, தேங்காயை வெண்ணெயாக அரைத்துக் குழம்பு வைத்தாள். முருங்கைக்கீரைத் துவரன், பயற்றங்கஞ்சி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேனை. தட்டை அருகில் கொண்டுபோன உடனேயே சத்தியநேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வற்புறுத்தி ஊட்டினால் ஓங்கரித்து எல்லாவற்றையும் கக்கினார். வெறுங்கஞ்சி கூட வயிற்றில் நிற்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கட்டி, கத்தி வைக்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது என்று ராஜபாயைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "ரொம்ப நாள் இல்லம்மா. எது எறங்குதோ அதைக் கொடுங்க. பட்டினி கிடந்து சாகிற மாதிரி மட்டும் விட்டுடாதீங்க, அது பெரிய சித்திரவதை."

எது இறங்குமென்று தெரிந்தால் அல்லவா கொடுப்பதற்கு. ராஜபாய் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, புதிதாக என்ன வைக்கலாமென்று யோசித்து யோசித்து, ஒன்றும் தோன்றாமல் முட்டில் முகத்தை வைத்துக்கொண்டாள். சாரலில் விறகெல்லாம் நமுத்துப் புகைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சாய்ப்பிலிருந்து ஒரு வாசம் வந்தது. இஞ்சியும் தைலப்புல்லும் கொதிக்கிற வாசம். அதற்கு அடியில் கருவாடு நாறுவதுபோல ஒரு வீச்சம். பூங்கனி மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டாள். உள்ளே கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"மியா அடுப்பு பத்த வச்சிருக்காளா?"

ராஜபாய் சன்னலைச் சாத்தினாள்.

"பசிக்கிது" என்றார்.

வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை. ராஜபாய்க்கு நெஞ்சு எரிந்தது. புருஷனை இன்னொருத்தியிடம் விட்டது ஒரு வகை. அவருடைய பசியையும் அல்லவா அவளிடம் விட்டிருக்கிறோம். கொஞ்ச நேரம் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போய், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நீட்டினாள்.

மியா மூன்று கல் கூட்டிய அடுப்பிலிருந்து அகப்பையால் முகந்து ஊற்றினாள். மஞ்சளாகக் கொழகொழவென்று இருந்தது. "ஆறட்டும் யக்கா, சூடு ஆகாது" என்றாள்.

அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கி. கக்கவில்லை. அன்றைக்கு முனகாமல் தூங்கினார்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. சாய்ப்பில் அவள் வைப்பாள், வாசல்வரை வந்து கொடுப்பாள், ராஜபாய் உள்ளே கொண்டுபோய் ஊட்டுவாள். ராஜபாய் வேடிக்கை பார்க்கிற பாவனையில் விறகெடுக்கப் போய் நின்று கவனித்தாள். குளத்துக் கெளுத்தியை மஞ்சளும் இஞ்சியும் தைலப்புல்லும் போட்டு அவித்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சதையை உதிர்த்துக்கொள்கிறாள். இரும்புச்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு சின்ன வெங்காயமும் சதையும் வதக்குகிறாள். அவித்த தண்ணீரை ஊற்றி, வறுத்துப் பொடித்த அரிசிமாவைக் கரைத்து, மூட்டையிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்து, நாப்பி என்கிற அந்த நாற்றமடிக்கிற மீன் விழுதில் சுண்டுவிரல் நுனியளவு போடுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக வாழைத்தண்டு. அதுவும் குலை தள்ளாத இளவாழையின் தண்டு.

"குலை தள்ளாத வாழைய எவளாவது வெட்டுவாளாட்டி? இது நான் வச்ச வாழையாக்கும்."

"குலை தள்ளுனா நாராயிரும் யக்கா. அவருக்கு எறங்காது."

ராஜபாய் வெட்டுக்கத்தியை எடுத்துப் போய்த் தானே வெட்டினாள். சாய்ந்த வாழையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பொங்கிப் போட ஆளில்லாத வீட்டில் அவள் வளர்த்தவை அந்த வாழைகள்தான்.

"இது ஆரு படிப்பிச்சுத் தந்தா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எங்க அம்மை. பர்மாக்காரி. ரோட்டு ஓரத்துல வச்சு விப்பா. நூல்நூலா அரிசிச் சேமியா போட்டுத்தான் திங்கணும். இப்பம் அவருக்குச் சாறு மட்டுந்தான் எறங்கும்." தண்டை வட்டவட்டமாக நறுக்கி நாரை விரலில் சுற்றியபடியே சொன்னாள். "அப்பன் வங்காளத்துக்காரன், கப்பல்ல பண்டாரி, சமையக்காரன். அவன் கடுகு அரச்சு மீன் வைப்பான். மழ பெஞ்சா பயறும் அரிசியும் ஒண்ணாப் போட்டுக் கொழையக் கொழைய ஒரு கிச்சடி."

"கடுக அரப்பியளா? தாளிக்கல்லா செய்யணும்?"

"அரச்சா கண்ணு கரிக்கும். நல்லாருக்கும்."

"கிறுக்குக் குடும்பம்" என்றாள் ராஜபாய்.

மறுநாள் அடுப்படி வாசலில் வாழையிலைப் பொதி ஒன்று இருந்தது. பிரித்தால் கடுகரைத்துச் சுட்ட மீன். ராஜபாய் அதைக் காக்கைக்கு எறியத்தான் எடுத்தாள். எடுத்த விரலை நக்கிப் பார்த்தாள். மூக்கில் சுருக்கென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. முழுவதையும் தின்றுவிட்டு இலையை மட்டும் வேலிக்கு வெளியே வீசினாள்.

சத்தியநேசன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருகிற அளவுக்கு வந்தபோதுதான் உபதேசியார் மத்தியாஸ் வந்தார். அவரும் சத்தியநேசனும் ஒன்றாகப் படித்தவர்கள். கட்டில் அருகில் ஜெபம் பண்ணிவிட்டு, ராஜபாயை முற்றத்துக்குக் கூப்பிட்டார். குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

"பிள்ளே, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சபைன்னு ஒண்ணு உண்டும்லா. ரெண்டு பெஞ்சாதிய ஒரு வளவுல வச்சுக்கிட்டு இது சபை வீடுன்னு எப்பிடிச் சொல்லுகது? போதகர் அய்யா தீத்துச் சொல்லிப்போட்டாரு. அவ இஞ்ச இருக்கது வரைக்கும், அவருக்கு ஒண்ணு ஆச்சுதுன்னா மணி அடிக்கப்பிடாது, பெட்டி தூக்கப்பிடாது. கல்லறைத் தோட்டத்துல குழி கெடயாது."

"அவருக்க அம்மைக்க பக்கத்துல எடம் கெடக்கே அய்யா."

"கெடக்கு. அவள அனுப்பிரு, நானே நின்னு வெட்ட வைக்கேன்."

உபதேசியார் போன பிறகும் ராஜபாய் முற்றத்திலேயே நின்றாள். சபைக் குழி இல்லாமல் புதைபடுவது நாவல்விளையில் நாயைப் புதைப்பதற்குச் சமம். வாந்திபேதியில் அள்ளிக்கொண்டு போனவர்களுக்குக்கூட அங்கே இடம் கிடைத்தது. அவரை உயிரோடு வைத்திருக்க இவள் வேண்டும். அவரை அடக்கம் பண்ண இவள் போக வேண்டும். கடைசியில், சாறு வைப்பதென்ன மலையைப் புரட்டுகிற வேலையா, நமக்கு வராத மீன்கறியா என்று தோன்றியதும் தெளிவு வந்ததுபோல இருந்தது.

அன்றும் மறுநாளும் சாய்ப்பில் மியாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்து பார்த்தாள். தேங்காய் மட்டும் அவர் வயிற்றில் நிற்காது என்று மியா சொன்னதையும் மனசில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஏட்டி, நீ போணும். செத்தா அவரு அவருக்க அம்மைகிட்டக் கெடக்கணும். நீ இருந்தா வுட மாட்டாவ."

மியா அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் போனா அவரு சாப்பிடுவாரா யக்கா?"

"நான் வச்சுக் குடுப்பேன். படிச்சாச்சுல்லா."

"சாப்பிட்டாருன்னா செரி" என்றாள் மியா. அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்திருந்த ராஜபாய்க்கு அது என்னவோபோல் ஆயிற்று. விடிந்ததும் அவள் நாப்பி ஜாடியைத் திண்டில் வைத்துவிட்டு, மூட்டையையும் இரும்புச்சட்டியையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ராஜபாய் கெளுத்தி வாங்கினாள், வாழை வெட்டினாள், முள் எடுத்தாள், மாவு வறுத்தாள். எல்லாம் கூட்டி, இதைவிட நல்ல மீன்சட்டி இந்தத் திருவிதாங்கூர் சீமையில் உண்டா என்கிற நினைப்போடு தன்னுடைய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தேங்காய்த் துருவலையோ தேங்காயெண்ணெயையோ கிட்டத்தில்கூட வைத்துக்கொள்ளவில்லை. நிறம் வந்தது, கொழகொழப்பு வந்தது. ஆறவைத்து ஒரு கரண்டி ஊட்டினாள்.

சத்தியநேசன் வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "தேங்கா போட்டியா?"

"இல்ல. அம்மையாண, ஒரு தேங்காப்பூவு போடல்ல."

விழுங்கினார். விழுங்கிய வேகத்தில் அது திரும்பி வந்தது, கூடவே ரத்தமும். பாயெல்லாம் நனைந்தது. துடைத்துவிட்டபோது மெதுவாகக் கேட்டார். "அவ போயிட்டாளா?"

ராஜபாய் தலையை ஆட்டினாள்.

அவர் கோபப்படவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "பசிக்கிது ராஜபாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுப்படியில் ராஜபாய் சட்டியைக் கழுவி, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டமாக எண்ணெய் மிதந்து வந்தது. மோந்தாள். தேங்காய். அத்தனை வருஷமும் மண்ணுக்குள் குடித்து வைத்திருந்த தேங்காயை எல்லாம் சட்டி விட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மணல் போட்டுத் தேய்த்தாள், மறுபடி கொதிக்கவைத்தாள், மறுபடி மிதந்தது. வீட்டிலிருந்த மற்றப் பானை சட்டி எல்லாம் அவளே எண்ணெய் தடவிப் பழக்கியவைதான். வேலியோரம் ஓடினாள்.

"பூங்கனி, மக்கா, ஒனக்க வெங்கலச் சட்டிய ஒருக்கத் தா. இப்பம் தந்துருகேன்."

பூங்கனி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். "அந்த நாத்தம் புடிச்ச எளவ எங்க வெங்கலத்துல வைக்கணுமாக்கும்? நீ ஒருநா ஒரு மண்சட்டி தந்திருப்பியாட்டி எனக்கு?"

ராஜபாய் வேலியை விட்டு விலகினாள். அப்படியே, மாற்றுச் சேலைகூட உடுத்தாமல், சுசீந்திரம் ரோட்டில் இறங்கினாள். மழையில் வரப்பெல்லாம் வழுக்கியது. இந்நேரம் அவள் நாகர்கோவில் போய், திருநெல்வேலி மோட்டார் பஸ்ஸும் ஏறியிருப்பாள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கால் நிற்கவில்லை.

தெப்பக்குளத்துப் பக்கம் மோட்டார் நிற்கிற ஆலமரத்தடியில் மியா உட்கார்ந்திருந்தாள். இரும்புச்சட்டியைத் தலையில் கவிழ்த்து மழைக்கு மறைவாகப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, நீ போவல்லியா?"

"மோட்டாரு வந்துது யக்கா. எங்க போணும்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல்ல." கண்ணைத் துடைத்தாள். "ரங்கூன்ல வீடு எரிஞ்சு போச்சுல்லா. பொறவும் ஒண்ணு வந்துது. அவனும் அதையே கேட்டான்."

ராஜபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்குப் போக ஒரு இடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியிருக்கிறோம்.

"எந்திரி."

"உபதேசியாரு…"

"எந்திரிட்டி. அவரு பசிக்கிதுன்னு சொல்லுதாரு."

திரும்பும்போது இரும்புச்சட்டியை ராஜபாயே தலையில் வைத்துக்கொண்டாள். குறுக்குப் பாதை உண்டு. அவள் அதில் போகவில்லை. வேதக்கோயில் தெரு வழியாகவே நடந்தாள். கோயில் படியில் நின்ற மத்தியாஸ் இறங்கி வந்தார்.

"ராஜபாய், யோசிச்சுத்தான் செய்யுதியா? பொறவு எங்கிட்ட வந்து அழுது பிரயோசனம் இல்ல."

"அழ மாட்டேன் அய்யா. மனுசன் உசிரோட பட்டினி கெடக்காரு. எனக்கு இப்பம் குழிய நெனைக்க நேரமில்ல."

வீட்டு நடையில் மியா தயங்கி நின்றாள். "யக்கா, நடை…"

"வாட்டி உள்ள."

காலையில் வறுத்த மாவெல்லாம் வீணாய்ப் போயிருந்தது. அரிசிப் பானையிலும் அரிசி இல்லை. ராஜபாய் சுற்றிப் பார்த்தாள். பிடியரிசிக் கலயத்தை எடுத்து அப்படியே இரும்புச்சட்டியில் கவிழ்த்தாள். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கனி அலறினாள்.

"ஏட்டி பாவி, அது ஆண்டவருக்க அரிசியாக்கும்!"

"ஆண்டவரு ஒரு பிடி அரிசிக்குப் பட்டினி கெடக்க மாட்டாரு. இவரு கெடக்காரு."

அன்றைக்கு அவர் அரைக்கிண்ணம் குடித்தார். ஒருத்தி தலையைத் தாங்கிக்கொள்ள, ஒருத்தி ஊட்டினாள்.

ஆடி முடிந்து ஆவணி வந்தது. கன்னிப்பூ நெல் அறுப்புக்கு ஊரே வயலில் கிடந்தது. ராஜபாயை யாரும் கூப்பிடவில்லை. சபை விலக்கிய வீட்டுக்காரியோடு ஒரே வரிசையில் குனிந்து அறுக்க ஆள் இல்லை. பிடியரிசிக்கு உபதேசியார் வீட்டம்மாள் வருவதும் நின்றது. இரண்டு பெண்களும் மரச்சீனிக் கிழங்கை அவித்துக் கடுகரைத்துத் தொட்டுத் தின்றார்கள். அவருக்குச் சாறு மட்டும் தவறவில்லை. அரைக்கிண்ணம் கால் கிண்ணமாயிற்று, பிறகு நாலு கரண்டி, பிறகு நாக்கு நனைகிற அளவு. ஒருநாள் அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஒங்க ரெண்டு பேருக்கும் நான் செஞ்சது…" என்று ஆரம்பித்தார். ராஜபாய் கரண்டியை வாயில் வைத்து அடைத்தாள். "இத மொதல்ல விழுங்குங்க." அதற்குமேல் அதை அவள் கேட்கவும் விரும்பவில்லை, மன்னிக்கவும் விரும்பவில்லை.

வாழை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. ஒருநாள் கத்தியோடு விளைக்குப் போன ராஜபாய் நின்றுவிட்டாள். வெட்டி வெட்டி நடுவில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் வெளித்துக் கிடந்தது. ஓரத்தில் ஒற்றை வாழைதான் பாக்கி. பார்த்தவுடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியை அங்கேயே போட்டுவிட்டு, வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்த வாழையை வெட்டவில்லை. வெட்டத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் சத்தியநேசன் போய்விட்டார்.

மணி அடிக்கவில்லை. ஒருத்தரும் வரவில்லை. பனையேறுகிற தங்கப்பன் மட்டும், மேற்கே அய்யாவழிக் குடியிருப்பிலிருந்து, மம்மட்டியோடு வந்தான். அவனுக்கு இந்தச் சபையும் கிடையாது, அதன் விலக்கும் கிடையாது.

"எங்க ஆளுன்னா உக்கார வச்சு வடக்கப் பாத்து அடக்குவோம். ஒங்களுக்கு எப்பிடி?"

"கெடத்தி வையி. பாவம், உக்கார மாட்டாரு" என்றாள் ராஜபாய்.

மண் ஈரமாக இருந்ததால் மம்மட்டி சுளுவாக இறங்கியது. ஓரத்து வாழை இடைஞ்சலாக நின்றது. தங்கப்பன் அதைத் தள்ளிச் சாய்த்தான். பழைய பாயில் சுற்றி மூன்று பேருமாக இறக்கினார்கள். ராஜபாய் தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னாள், பாதியில் மறந்துபோயிற்று. மியா அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். வேலிக்கு வெளியே மத்தியாஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. உள்ளே வரவில்லை.

சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார்கள். ராஜபாய் எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பன் குளித்துவிட்டுப் போய்விட்டான். பூங்கனி வீட்டில் புகை எழுந்தது, சோறு வடிக்கிற மணம் வந்தது, பிறகு அதுவும் அடங்கியது. வேலிப்படலைத் திறந்துகொண்டு யாரும் வரவில்லை.

சாயங்காலம் ராஜபாய் எழுந்து விளைக்குப் போனாள். புதுமண்ணுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த வாழையின் மட்டையை உரித்து, வெள்ளைத் தண்டை எடுத்துவந்து மியாவின் முன்னால் போட்டாள்.

"நறுக்கு."

"யக்கா, இன்னைக்கு அடுப்பு மூட்டப்பிடாதுன்னு…"

"ஆரும் வர மாட்டாவ மியா." முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னாள். "நாம ரெண்டு பேரும் காலம்பறயில இருந்து பட்டினி."

மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நறுக்கினாள். நாரை விரலில் சுற்றினாள். ராஜபாய் அடுப்பை மூட்டினாள். மியா வழக்கம்போல இரும்புச்சட்டியை எடுக்கப் போனாள்.

"அது வேண்டாம்" என்றாள் ராஜபாய். மூலையில் கவிழ்ந்து கிடந்த தன்னுடைய மீன்சட்டியை எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள்.

"தேங்கா வாட அடிக்குமே யக்கா."

"அடிக்கட்டும்" என்றாள் ராஜபாய். "இனி அது ஆகாதுன்னு சொல்ல ஆரு இருக்கா?"

சட்டி காய்ந்தது. எண்ணெய் விடாமலேயே அதிலிருந்து தேங்காய் வாசம் எழுந்து, ஆளில்லாத கட்டில்வரை பரவியது.